கெண்டைக்கால்ல நரம்பு இழுக்குதா? எந்த நரம்பு?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து:

போன டிசம்பரில் என் மனைவியின் அம்மா சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தார். இரண்டு விமானம், நடுவில் துபாயில் ஆறு மணி நேரக் காத்திருப்பு. பக்கத்துச் சீட்டுக்காரரை எழுப்ப வேண்டியிருக்குமே என்று கூச்சப்பட்டு, எழுந்திருக்கவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. வந்த மூன்றாம் நாள் காலையில், "மாப்ள, இடது கெண்டைக்கால்ல நரம்பு பிடிச்சு இழுக்குதுங்க" என்றார்.

பக்கத்து வீட்டு ஆயா நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து நீவிவிட உட்கார்ந்துவிட்டார். அன்று ஒரு முறை, மறுநாள் ஒரு முறை. வலி குறையவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனேன். அத்தைக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவர் நரம்பு என்றார், நான் 'நெர்வ்' என்றேன். முடிந்தது கதை. டாக்டர் பஞ்சால் தடவினார், ஊசியால் தொட்டார், காலைத் தூக்கி முதுகைப் பார்த்தார், இடுப்பில் நரம்பு அழுந்தியிருக்கலாம் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் போட்ட பாதையில் அவர் நடந்தார், அவ்வளவுதான்.

இரண்டு நாளில் கால் வீங்கித் தோல் மினுமினுத்தது. வேறொரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே ஒரு ஜூலு நர்ஸம்மா, ஒரு கேள்வியும் கேட்காமல் தையல்காரர் மாதிரி டேப்பை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு முண்டாக இருக்குமே, அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இரண்டு காலிலும் பேனாவால் கோடு போட்டார். வலது 34, இடது 38. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். ஸ்கேனில் தெரிந்தது: முழங்கால் மடிப்புக்குப் பின்னால் ஓடும் பெரிய சிரையில் ரத்தக்கட்டி.

அத்தை சொன்ன நரம்பு ரத்தக்குழாய். வெரிகோஸ் வெயினை நாம் 'நரம்புச் சுருட்டு' என்றுதானே சொல்கிறோம்? அவர் சரியாகத்தான் சொன்னார், தப்பு என் மொழிபெயர்ப்பில். கெண்டைச்சதை சுருங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கீழே திரும்பி வராமல் வால்வுகள் தடுக்கின்றன. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு ஆடாமல் உட்கார்ந்தால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது, ரத்தம் தேங்கிக் கட்டுகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆயா எண்ணெய் போட்டு நீவிய அந்த இரண்டு முறையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது 'நரம்பு' என்று சொல்லி அது வேறு எதுவாகவோ முடிந்ததுண்டா? எழுதுங்கள்.

மெரிபேங்கிலிருந்து:

அண்ணே, எனக்கு நடந்தது நேர் தலைகீழ். நான் நரம்பே இல்லை என்று நினைத்தேன். அது அசல் நரம்பு.

தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி. வீட்டில் மூன்று காவடி, மாலைக்குச் சாமந்தி மூட்டை மூட்டையாக வந்திருந்தது. சாயங்காலம் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள், வலது காலை இடது காலுக்கு அடியில் மடித்தபடியே கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் கால் மரத்துப்போனது. மரத்துப்போகாத கால் உண்டா? தட்டிவிட்டு மறுபடி கட்டினேன். மூன்று மணிக்கு எழுந்து பின்கட்டுக்கு நடந்தால் சரக், சரக் என்று சத்தம். பாதத்தின் முன்பக்கம் தரையில் தேய்கிறது. வாசலில் மகள் கேட்டாள், "அம்மா, ஒரு செருப்பு எங்கே?" திரும்பிப் பார்த்தால் ரப்பர் செருப்பு நாலடி பின்னால் கிடக்கிறது. கழன்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

பக்கவாதம் என்று வீடே அழ ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், முழங்காலுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே உருண்டையாகத் தட்டுப்படும் எலும்பில் என் விரலையே வைத்துக் காட்டினார். அது வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் தலை. அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டுதான் பெரோனியல் நரம்பு முன்பக்கம் வருகிறதாம். அந்த இடத்தில் அதற்குச் சதைப்பற்றே கிடையாது, தோலும் மெல்லிய உறையும்தான் காப்பு. ராத்திரி முழுக்க நான் அதைத் தரைக்கும் எலும்புக்கும் நடுவில் வைத்து நசுக்கியிருக்கிறேன். பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குக் கட்டளை அந்த வழியாகத்தான் போகிறது, அதனால்தான் பாதம் தொங்கிவிட்டது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஊசியால் தொட்டார், ஒன்றும் தெரியவில்லை. பாதத்தின் மேற்பக்கமும் மந்தம். உள்ளங்கால் மட்டும் நன்றாக உறைத்தது, ஏனென்றால் அதற்கு வேறு நரம்பு.

கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டு ஆறு வாரத்தில் சரியானது. காவடி நான் எடுக்கவில்லை, என் தங்கை எடுத்தாள். இப்போது மாலை கட்டுவதெல்லாம் நாற்காலியில்தான். மாமியார் இன்னும் முகத்தைச் சுளிக்கிறார்.

இசிபிங்கோவிலிருந்து:

என்னுடையது சின்னக் கதை. 46 வயதில் பையன்களோடு ஃபுட்பால் ஆடப் போனேன். பந்தை எட்ட ஒரு தாவல், டப் என்று சத்தம், குதிகாலில் யாரோ உதைத்தார்கள். கோபமாகத் திரும்பினால் பின்னால் ஒருத்தரும் இல்லை! "குதிகால் நரம்பு அறுந்துடுச்சு" என்றான் கூட ஆடியவன். சரியாகத்தான் சொன்னான், ஆனால் அந்த நரம்பு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். குப்புறப் படுக்கவைத்து டாக்டர் கெண்டைச்சதையைக் கையால் பிழிந்தார். நல்ல காலில் பாதம் தானாக அசைந்தது. அறுந்த காலில் அசையவே இல்லை. அந்த ஒரு பிழியலிலேயே முடிவு தெரிந்துவிட்டது. ஆப்பரேஷன், மாவுக்கட்டு, ஒன்பது மாதம். ஃபுட்பாலை இப்போது டிவியில் பார்க்கிறேன்.

வெஸ்ட்வில்லில் படித்த பிசியோ:

நீங்கள் மூவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சிரை, நரம்பு, தசைநாண் மூன்றையும் சொல்லிவிட்டீர்கள். தமிழைக் குறை சொல்லாதீர்கள். 'நியூரான்' என்ற கிரேக்கச் சொல்லுக்கே முதலில் நாண் என்றுதான் பொருள். கெண்டைச்சதைக்கு உள்ளே பிளான்டாரிஸ் என்று ஒரு சின்னத் தசை உண்டு, அதன் நாண் நூல் மாதிரி நீளமாக இறங்கும். முதலாமாண்டு மாணவர்கள் அதை நரம்பு என்று நினைத்து ஏமாறுவதால் அதற்கு 'புதுப்பையன் நரம்பு' என்றே கேலிப்பெயர். நானும் ஏமாந்தேன். வகுப்பே சிரித்தது.

இன்னொன்று. கெண்டை என்றால் மீன். கெண்டைச்சதைக்கு அடியில் இருக்கும் தட்டையான தசைக்கு லத்தீனில் சோலியஸ் என்று பெயர், அது பிறந்த 'சோலியா' என்ற சொல் செருப்பையும் குறிக்கும், ஒரு தட்டை மீனையும் குறிக்கும். காலுக்குள் மீனைப் பார்த்தது நாம் மட்டுமில்லை.

சரி, என் அனுபவம். மாணவனாக இருந்தபோது காம்ரேட்ஸ் மாரத்தானில் ஓட்டம் முடியும் இடத்துக் கூடாரத்தில் காலை நீவிவிடத் தொண்டுக்குப் போனேன். அந்த வருஷம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் ஓட்டம், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். இறக்கம் சுலபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஃபீல்ட்ஸ் ஹில்லில் பைன்டவுனை நோக்கி இறங்கும்போது, பாதம் தரையில் அறையாமல் ஒவ்வோர் அடியிலும் பிடித்து இறக்குவது முழந்தாளுக்குக் கீழே முன்பக்கத் தசைதான். பாவம், அதை யாரும் கவனிப்பதில்லை.

ஒருவர் வந்தார், முன்கால் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. "நீவி விடுங்க தம்பி" என்றார். கை வைத்ததும் அலறினார். மற்றவர்கள் அலறும் அலறல் இல்லை அது. பெருவிரலை மெல்லக் கீழே மடக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதத்தின் மேல் நாடி பார்த்தேன், நன்றாகத் துடித்தது. அப்பாடா என்று நான் நினைத்த நேரத்தில், பக்கத்திலிருந்த மூத்த பிசியோ அக்கா என் கையைத் தட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டார்.

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளில் இருக்கின்றன: முன்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்னால் தோல் பக்கம் ஒன்று, அதற்கு உள்ளே ஆழத்தில் ஒன்று. சுவர்கள் எலும்பும் கெட்டியான உறையும், அவை விரிந்து கொடுக்காது. உள்ளே தசை வீங்கினால் அழுத்தம் ஏறி நுண்ணிய குழாய்களில் ரத்தம் நின்றுவிடும், தமனியில் நாடி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். நாடி இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைத்தால் போச்சு. ஆறேழு மணி நேரம் தாண்டினால் தசை மீளாது. அன்று ராத்திரியே உறையைக் கீறி அறையைத் திறந்துவிட்டார்களாம். அந்த ஆளின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று அந்த அக்கா இல்லாவிட்டால் நான் நீவியிருப்பேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அப்பாவுக்கு இதய பைபாஸ். காலிலிருந்து நரம்பு எடுத்து நெஞ்சில் வைத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்தது கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை வரைக்கும் ஓடும் நீளமான சிரை. வீட்டுக்கு வந்த பிறகு முன்கால் உள்பக்கத்தில் கையகல நீளத்துக்கு உணர்ச்சியே இல்லை. அந்தச் சிரையை ஒட்டியே தோலுக்கான சின்ன நரம்பு ஒன்று ஓடுகிறது, எடுக்கும்போது அதுவும் அடிபடுவதுண்டாம். ஆக அப்பாவின் கணக்கில், நரம்பை எடுத்தார்கள், நரம்பு போச்சு. இரண்டுமே உண்மை! அவருக்குச் சர்க்கரை வேறு இருப்பதால், குளித்ததும் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்ப்பது என் வேலை. ஒரு நாள் தட்டுப்படவில்லை என்று பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் என் விரலை அரை அங்குலம் தள்ளி வைத்தார், துடித்தது.

பீனிக்ஸிலிருந்து, மறுபடி:

மெரிபேங்க் தங்கச்சி, செருப்புக் கதையை அத்தையிடம் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையில் இருக்கிறார். மார்க்கெட்டில் 'ஹெர்ப்ஸ்' என்று விற்கிறார்களே, அந்தக் கீரையை ஒரு வாரம் குவித்துச் சாப்பிடுவதும் அடுத்த வாரம் விட்டுவிடுவதுமாக இருந்தால் மருந்தின் கணக்குக் கெட்டுவிடுமாம், அதனால் ஒரே அளவாகச் சமைக்கிறோம். ஆயாவுக்கும் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டார், ஆனால் ஆளைப் பார்க்க தினமும் வருகிறார்.

வெள்ளிக்கிழமை தோறும் தையல் டேப்பை அத்தையே எடுத்து நீட்டுவார். நேற்று அளந்தோம். வலது 34, இடது 35.