மெய்நிகர் எலும்பு முறிவு கிளினிக்: அவசரப் பிரிவிலிருந்து என்ன எழுதி அனுப்ப வேண்டும்?

கேள்வி: சிறுகாயப்பிரிவு

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சிறு காயங்களைப் பார்க்கும் நர்ஸ் நான். எலும்பு முறிவு என்றால் இதுவரை கிளினிக்குக்குத் தேதி கொடுத்து அனுப்பிவிடுவோம். இனி எல்லாரையும் மெய்நிகர் கிளினிக் பட்டியலில் சேர்க்க வேண்டும், எலும்பு மருத்துவர் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் பார்த்து முடிவெடுப்பார், நோயாளிக்குப் போனில் சொல்வார்கள் என்கிறார்கள். எதைத் தயங்காமல் அனுப்பலாம்? எதை அனுப்பவே கூடாது? எங்கள் பிரிவில் பெரும்பாலும் "வலி, வீக்கம், எக்ஸ்ரே பார்க்கவும்" என்றுதான் எழுதுகிறோம். அது போதுமா?

பதில் 1: எலும்பும்மூட்டும்

போதாது. முடிவெடுக்கும் மருத்துவர் நோயாளியைத் தொடப்போவதில்லை. நீங்கள் தொட்டுப் பார்த்து எழுதியதுதான் அவருக்குக் கை.

இந்த முறை 2011 வாக்கில் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் உருவானது. தானாகவே ஆறும் காயங்களுக்கு அவசரப் பிரிவிலேயே கழற்றி மாட்டக்கூடிய ஸ்ப்ளிண்ட் (அசையாமல் பிடிக்கும் பட்டை), அச்சிட்ட அறிவுரைத் தாள், ஒரு உதவி எண். மற்றவர்களின் குறிப்பையும் படத்தையும் மருத்துவர் பார்த்து, கை, தோள், கணுக்கால் என்று உரிய கிளினிக்குக்கு அனுப்புவார், இல்லையென்றால் பிசியோவுக்கு, அவசரமென்றால் உடனே வரச் சொல்வார். பிரிட்டனில் 2013இல் வந்த தரவிதி, காயத்தோடு வந்த 72 மணி நேரத்துக்குள் எலும்பு முறிவு சேவை பார்த்திருக்க வேண்டும் என்கிறது. வெள்ளி இரவு வந்தவரை எண்ணிப் பாருங்கள், ஏன் நேரில் எல்லாரையும் பார்க்க முடியாது என்பது புரியும்.

தயங்காமல் அனுப்பக்கூடியவை: சுண்டுவிரல் பக்க மெட்டாகார்பல் (உள்ளங்கை எலும்பு) கழுத்து முறிவு, இடம் பெயராத ரேடியல் ஹெட் (முழங்கை அருகே முன்கை எலும்பின் தலை) முறிவு, ஐந்தாவது மெட்டாடார்சலின் (சுண்டுவிரல் பக்கப் பாத எலும்பு) அடி முனையில் பிய்ந்த துண்டு, மேலட் விரல் (நுனி தொங்கி, தானாக நிமிர்த்த முடியாத விரல்), குழந்தைகளின் மணிக்கட்டு பக்கிள் முறிவு (எலும்பு லேசாக நசுங்கிப் புடைப்பது). கடைசியானதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. 965 குழந்தைகளை வைத்து நடந்த ஃபோர்ஸ் ஆய்வு 2022இல் வெளியானது. சும்மா பேண்டேஜ் கொடுத்தவர்களுக்கும் அசையவிடாத கட்டு போட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வித்தியாசம் இல்லை.

ஆனால் ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரே சொல்லாத ஒன்று உண்டு. மெட்டாகார்பலில் அது சுழற்சி. விரல்களை மடக்கச் சொல்லுங்கள், சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கை அறுவை நிபுணர் பார்க்க வேண்டும். விரல் முட்டியின் மேல் சின்னக் கீறல் இருந்தால், குத்தியபோது எதிராளியின் பல் பட்டதா என்று நேராகக் கேளுங்கள். பல் பட்டிருந்தால் அது மெய்நிகர் கிளினிக் நோயாளியே இல்லை, அன்றே மூட்டைத் திறந்து கழுவ வேண்டிவரலாம். ரேடியல் ஹெட்டில், முன்கையைத் திருப்பும்போது ஏதாவது தடுக்கிறதா என்று எழுதுங்கள். மணிக்கட்டும் வலித்தால் அதையும் படம் எடுங்கள்.

ஐந்தாவது மெட்டாடார்சலில் முறிவு எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். அடி நுனியென்றால் நடக்கவிடலாம். சற்று முன்னே, தண்டு தொடங்கும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு சேராமல் போகலாம். அவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

என் பயமெல்லாம் படம் "நார்மல்" என்று வருபவர்கள்மேல்தான். கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலி, கட்டைவிரலை உள்நோக்கித் தள்ளினால் வலி என்றால் மணிக்கட்டிலுள்ள ஸ்கேஃபாய்டு எலும்பு முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நுனிப்பக்கத்திலிருந்து ரத்தம் பின்னோக்கிப் போகும் எலும்பு அது, முறிந்தால் பின்பகுதி செத்துப்போக வாய்ப்பு உண்டு. சீக்கிரம் எம்ஆர்ஐ, இல்லையென்றால் 10–14 நாளில் மறுபடி படம். உள்ளங்காலில் ரத்தம் கட்டி, காலை ஊன்ற முடியாதவருக்கு லிஸ்ஃப்ராங்க் காயமா (பாதத்தின் நடு மூட்டுக் காயம்) என்று பார்க்க வேண்டும். படுத்து எடுத்த படத்தில் அது ஒளிந்துகொள்ளும், நின்று எடுத்தால்தான் இடைவெளி தெரியும். வலிப்பு வந்தோ மின்சாரம் தாக்கியோ தோளை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் வருபவருக்கு முன்பக்கப் படம் மட்டும் போதாது. பின்பக்கம் நழுவிய தோள் அதில் கிட்டத்தட்டச் சரியாகவே தெரியும்.

இன்னும் நடக்காத குழந்தைக்கு எலும்பு முறிவு என்றால் பட்டியலில் போடாதீர்கள். அது குழந்தைப் பாதுகாப்புக் குழுவும் குழந்தை மருத்துவரும் அன்றே பார்க்க வேண்டிய விஷயம்.

பதில் 2: மறுமுனையில்

போன் பக்கத்திலிருந்து சில. மருத்துவமனை எண் பல நேரம் மறைந்தே தெரியும். தெரியாத அழைப்பு என்று நோயாளி எடுக்கமாட்டார். "மறைந்த எண்ணிலிருந்து வரும், எடுங்கள்" என்று அனுப்பும்போதே சொல்லுங்கள். எண்ணை அவரையே வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். எடுக்கவில்லையென்றால் வேறு நேரத்தில் மறுபடி அழைக்க வேண்டும், அதற்கும் பதில் இல்லையென்றால் கடிதம். "போன் எடுக்கவில்லை" என்பதை டிஸ்சார்ஜ் ஆக்கிவிடக் கூடாது.

"கிளினிக்கில் டாக்டர் பார்ப்பார்" என்று உங்கள் பிரிவில் யாரும் வாக்கு கொடுத்துவிடக் கூடாது. அதன்பிறகு போனில் "நேரில் வரத் தேவையில்லை" என்றால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

தமிழ்ப் பெரியவர்கள் வரும் ஊரென்றால் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று படிவத்திலேயே குறியுங்கள், பேரப்பிள்ளையை வைத்துச் சமாளிக்க வேண்டாம். "எப்படி இருக்கீங்க அம்மா?" என்றால் "பரவாயில்லைப்பா" என்றுதான் பதில் வரும். சோறு பிசைய முடிகிறதா, தலை வார முடிகிறதா, விரல் மரத்துப்போகிறதா, ராத்திரி வலியில் எழுந்திருக்கிறீர்களா என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

பதில் 3: மாவுக்கட்டுஅறை

ஸ்ப்ளிண்ட் அளவு தப்பானால் திட்டமே தப்பு, ஏனென்றால் அதை யாரும் திரும்பப் பார்க்கப்போவதில்லை. மேலட் ஸ்ப்ளிண்ட் இரண்டு கொடுங்கள்: இப்போதைய வீக்கத்துக்கு ஒன்று, வடிந்த பிறகு மாட்ட ஒரு சுற்று சின்னது. பகலும் இரவும் போட வேண்டும், எலும்புத் துண்டு இருந்தால் 6 வாரம், தசைநார் மட்டும் என்றால் 6 முதல் 8 வாரம். தோலைக் கழுவக் கழற்றும்போது விரலை மேசைமேல் நேராக வைத்திருக்கச் சொல்லுங்கள். நுனி ஒருமுறை தொங்கினாலும் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். இதை வாயால் மட்டும் சொல்லாமல் செய்து காட்டுங்கள்.

காலை அசையாமல் பிடிக்கும் பூட் கொடுத்தால் ரத்தக்கட்டி அபாயத்தை அன்றே கணக்கிட்டு எழுதுங்கள்: முன்பு ரத்தக்கட்டி வந்ததா, ஹார்மோன் மாத்திரை, புற்றுநோய், உடல் எடை, காலை ஊன்றலாமா கூடாதா. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் தேவைப்பட்டால் போன் வரும்வரை காத்திருக்க முடியாது.

கேள்வி: சிறுகாயப்பிரிவு

மிக்க நன்றி. வெபர் பி கணுக்கால், அதாவது வெளிப்பக்க எலும்பு மூட்டு மட்டத்தில் முறிந்தது? உள்பக்க எலும்பில் முறிவு இல்லை, மூட்டு நேராகத் தெரிகிறது. இதைப் பட்டியலில் போடலாமா?

பதில் 4: எலும்பும்மூட்டும்

போடலாம், ஆனால் டிஸ்சார்ஜ் வகையில் அல்ல. உள்பக்கத்தில் அழுத்தி வலி, வீக்கம், ரத்தக்கட்டு இருக்கிறதா என்று தனி வரியாக எழுதுங்கள். வலி இல்லை என்பதால் மட்டும் அங்குள்ள தசைநார் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. பூட் போட்டு, தாங்கும் அளவுக்கு ஊன்றவிட்டு, ஒரு வாரம் போல கழித்து நின்றபடி படம் எடுக்கத் தேதி போட்டு அனுப்புங்கள். பாரம் ஏறும்போது உள்பக்க இடைவெளி விரியவில்லையென்றால் அறுவை இல்லாமலே போகலாம், விரிந்தால் அந்த வாரமே நேரில் பார்க்க வேண்டும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவரென்றால் இந்த வழியே வேண்டாம், முதலிலிருந்தே கிளினிக்கில் நேரில் பார்க்கட்டும்.