9 அடி தூரத்துக்கு 4கே டிவி தேவையா?

நண்பர்களே, டிவி வாங்குவதில் ஒரு குழப்பம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் ஹாலில் சோபாவில் இருந்து டிவி மாட்டும் சுவர் வரை 9 அடி. 43 இன்ச்சா 55 இன்ச்சா என்பதே இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் கடைக்காரர் 4கே (2160 வரி உள்ள, புள்ளிகள் மிக நெருக்கமான திரை) தவிர வேறெதையும் காட்ட மாட்டேன் என்கிறார்.

நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 43 இன்ச் ஃபுல் ஹெச்டி (1080 வரி) திரையில் சுமார் ஐந்தரை அடி தள்ளி உட்கார்ந்தாலே புள்ளிகள் தனியாகத் தெரியாது, 55 இன்ச்சுக்கு 7 அடி, 65 இன்ச்சுக்கே எட்டரை அடிதான் வருகிறது. அப்படியென்றால் 9 அடியில் 4கே-வுக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்கே எட்டாதே? ஹெச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் இன்னும் நன்றாகத் தெரியும் வசதி), நல்ல பேனல் எல்லாம் பெரும்பாலும் 4கே மாடல்களில்தான் வருகிறது என்பதும் தெரியும், அதற்காகவே வாங்கலாம் என்றால் சரி.

இன்னொரு விஷயம், அம்மா பார்ப்பது முழுக்க கேபிள் சீரியல். சாதா சேனல் 576 வரிதான், அதை 2160 வரித் திரைக்கு இழுத்தால் முகமெல்லாம் மெழுகு மாதிரி ஆகிவிடாதா? 55 இன்ச் 4கே வைத்துக்கொண்டு எட்டு, பத்து அடியில் கேபிள் பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். ஹெச்டி செட்டாப் பாக்ஸ் மாற்றினால் போதுமா, அல்லது 43-லேயே நின்றுவிடலாமா?