புதுப்பிப்பு: ஜாக்கெட்டுக்குள் நழுவிய முதுகுக் கவசம்

பைக் ஓட்டும்போது போடும் ஜாக்கெட்டோடு வந்த முதுகு அட்டை வெறும் ஸ்பாஞ்சு, வேறு வாங்கிப் போட்டால் உட்பையில் நழுவுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

ஓசூர் அண்ணன் சொன்னதுதான் பலித்தது: இடுப்பிலிருந்து தோள்வரை அளந்து வாங்குவது. நான் வாங்கியிருந்தது ஓர் அளவு சிறியது. பெங்களூரு ஜே.சி. சாலையில் ஈ.என். 1621-2 (முதுகுக் கவசங்களுக்கான ஐரோப்பியத் தரம்), இரண்டாம் நிலை முத்திரை பார்த்து மாற்றினேன். முதல் நிலைக் கவசம் மோதலின் விசையில் சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை முதுகுக்குக் கடத்தலாம். இரண்டாம் நிலைக்கு வரம்பு 9. மிச்சமிருந்த ஒரு விரல் இடைவெளியைத் தையற்காரர் வெல்க்ரோ வைத்து அடைத்தார்.

எதிர்பாராதது ஒன்று. நந்தி மலையின் விடியற்காலைக் குளிரில் அட்டை பலகையாய் விறைத்தது. உடற்சூட்டில் மெல்ல இளகிவிட்டது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் முதுகில் வியர்வை ஆறாக ஓடுகிறது, அதற்குத்தான் இன்னும் வழியில்லை.