மயக்க மருந்தும் சாட்சி அறிவும்: வேலூர் வட்டார உறுப்பினர்களின் அனுபவங்கள்

காட்பாடி உறுப்பினர்:

சென்ற ஆண்டு பித்தப்பைக் கல்லுக்காக வேலூரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். உடம்பு நன்றாகவே தேறிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல ஆண்டுகளாக வேதாந்த பாடம் கேட்டு மனத்தில் ஊறிப்போயிருந்த ஒரு வாதம் அந்த மேசையின் மேல் என்ன ஆயிற்று என்பதைத்தான் பகிர விரும்புகிறேன்.

"சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியேன்" என்று விழித்தவன் சொல்கிறான் அல்லவா? ஒன்றும் அறியாத அந்த நிலையையும் கண்டுகொண்டிருந்த ஓர் அறிவு உள்ளே இருந்திருந்தால்தான் பின்னர் அதை அவன் நினைவுகூர முடியும் என்பது, பிரம்மம் ஒன்றே மெய் என்னும் வேதாந்தப் பிரிவினரான அத்வைதிகளின் வாதம். நனவும் கனவும் வந்து போகின்றன, உறக்கத்திலும் அணையாத சாட்சி ஒன்றே நிலைத்தது, உலகம் அதன் முன் தோன்றி மறைவது என்பதற்கு இந்த வாக்கியமே பெரிய சான்று. தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினரான நையாயிகர்கள் இதை ஒப்புவதில்லை. எழுந்தபின் உடம்பு இருக்கும் தெளிவைக் கொண்டு நாம் ஊகித்துச் சொல்வதே தவிர அது நினைவு அன்று என்பது அவர்கள் மறுப்பு. நான் எப்போதும் அத்வைதிகளின் பக்கமே இருந்தேன்.

கையில் ஊசி ஏற்றியிருந்த இடத்தில் பால்போன்ற வெள்ளை மருந்து இறங்கியபோது நரம்பு நெடுக ஓர் எரிச்சல் ஓடியது. மயக்க மருத்துவர் எந்த ஊர் என்று கேட்டார். "காட்பாடி" என்று சொல்லத் தொடங்கியது நினைவிருக்கிறது. சொல்லி முடித்தது நினைவில்லை. அடுத்த கணம் யாரோ "கண்ணைத் திறங்க சார்" என்றார். குழாய் போட்டிருந்ததால் தொண்டை காந்தியது. வயிற்றில் சிறிய கட்டுகள் நான்கு இருந்தன. அடுத்த கணம் என்பதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. தூங்கி எழுந்தால் கடிகாரத்தைப் பாராமலே கொஞ்ச நேரம் கழிந்துவிட்டது என்று தெரியும். இங்கே அந்த உணர்வுகூட இல்லை. வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்த என் மனைவிக்கு நீண்டு கிடந்த இரண்டு மணி நேரம் எனக்கு நிகழவே இல்லை. சுகமாக இருந்தேன் என்றும் சொல்ல முடியாது, ஒன்றும் அறியேன் என்றும் சொல்ல முடியாது. அறியாமைக்குக்கூட அங்கே இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் சாட்சி எங்கே போயிற்று? உலகம் அறிவில் தோன்றும் தோற்றம் என்றால், அறிவு இல்லாத நேரத்தில் என் வயிற்றில் நான்கு துளையிட்டது எந்த உலகம்?

வீடு திரும்பியபின் மீண்டும் நூல்களைப் புரட்டியபோது, வேதாந்தத்தின் மூலநூலான பிரம்ம சூத்திரம் மூன்றாம் அத்தியாயம், இரண்டாம் பாதம், பத்தாம் சூத்திரத்தில் வந்து நின்றேன். மூர்ச்சை நனவும் அன்று, கனவும் அன்று, உறக்கமும் அன்று, சாவும் அன்று. அது பாதி ஒடுக்கம் என்கிறது அந்தச் சூத்திரம். அதற்கு உரை எழுதிய அத்வைத ஆசிரியர் சங்கரர் அங்கே ஒரு மருத்துவரைப்போலவே கூர்ந்து பார்க்கிறார்: உறங்குபவன் முகம் தெளிந்திருக்கும், மூச்சு சீராக வரும், கையால் தட்டினாலே எழுந்துவிடுவான், மூர்ச்சையானவனைச் சம்மட்டியால் அடித்தாலும் எழுப்ப முடியாது. ஆகவே உறக்கத்தைக் காட்டி நிறுவிய வாதத்தை மூர்ச்சைக்கும் அப்படியே நீட்டிவிடக் கூடாது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'பாதி' என்பது எதில் பாதி என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஆரணி உறுப்பினர்:

ஐயா, உங்கள் கேள்விக்கு எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே ஓர் அத்வைத விடை உண்டு. ஆரணிக்கு அருகில் அடையபலத்தில் பிறந்து, வேலூர்ச் சின்னபொம்ம நாயக்கரின் ஆதரவில் வாழ்ந்த அப்பைய தீட்சிதர், அத்வைதிகளுக்குள்ளேயே நிலவிய பல கட்சிகளைத் தம் சித்தாந்தலேச சங்கிரகத்தில் தொகுத்திருக்கிறார். அவற்றுள் ஒன்று திருஷ்டி சிருஷ்டி வாதம்: காணும்போதே பொருள் உண்டாகிறது, காணாதபோது இல்லை. அந்தக் கட்சியார் உங்கள் நான்கு கட்டுகளும் விழித்தபின் நீங்கள் கண்டவைதாமே என்பார்கள். அவர்களை வாதத்தில் மடக்குவது கடினம். ஆனால் வெளியே காத்திருந்த உங்கள் மனைவியின் கவலையை அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் சைவ சித்தாந்த வீட்டில் வளர்ந்தவன். என் தாத்தாவின் கடைசி நாட்களில் அவர் நினைவின்றிக் கிடந்தபோது பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்து அழைத்தாலும் அசைவில்லை. அவர் சாட்சியாக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒருவர் தேற்றினார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சைவ சித்தாந்த முதல்நூலான சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம்தான் ஆறுதலாக இருந்தது. உயிர் இயல்பாகவே உடன்கிடக்கும் மலம் என்னும் அறியாமை மறைப்பால் உணராமல் நிற்கும், மனம் முதலிய கருவிகள் கூடும்போது நனவு, கனவு முதலான ஐந்து அவத்தைகளில் (நிலைகளில்) பட்டு அறியும் என்கிறது அது. அறியாமல் கிடப்பதால் உயிர் இல்லாமற்போவதில்லை. மாயையும் எங்களுக்குப் பொய்த்தோற்றம் அன்று. உடம்பும் உலகும் ஆவதற்கு உரிய உள்பொருள். ஆகவே உங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் இருண்டு போனதில் சித்தாந்திக்கு வியப்பு ஏதும் இல்லை.

வேலூர் உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் மயக்க மருந்தை அறியேன், மூர்ச்சையை அறிவேன். அக்னி நட்சத்திர வெயிலில் பழைய பேருந்து நிலையத்தில் நின்றிருந்தவள் விழுந்துவிட்டேன். விழுந்தது நினைவில்லை. திரும்பி வந்த வரிசை மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. முதலில் ஓசை வந்தது: ஹாரன், யாரோ ஊர்ப்பெயர் சொல்லிக் கூவுவது, தண்ணீர் கேட்கும் ஒரு பெண் குரல். ஆனால் அவை பொருள் இல்லாத ஓசைகள். அவை வெளியே இருந்தன என்றோ உள்ளே இருந்தன என்றோ பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. பிறகு முகத்தில் ஈரம். அதன்பின் "டீச்சர், டீச்சர்" என்ற ஓசை திரும்பத் திரும்ப வந்து, ஒரு கட்டத்தில் அது என்னை அழைப்பது என்று ஆயிற்று. அந்தக் கணத்தில்தான் பேருந்து நிலையம் வெளியே போய் நின்றது, நான் தரையில் கிடந்தேன், வெட்கமும் வலியும் வந்தன.

1989 வரை நம் வட ஆர்க்காடு மாவட்டத்தோடு இருந்த திருவண்ணாமலையில், சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு இளவயது ரமணர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறு நூலாயின. நினைவுகளுக்கெல்லாம் 'நான்' என்னும் நினைவே முதல் என்று அதில் வருவதை வெறும் உபதேசமாகவே படித்துவந்தேன். அன்றுமுதல் அதைக் கண்டதாகவே படிக்கிறேன். நான் இல்லாதபோது உலகம் இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, காட்பாடி ஐயா. 'வெளி' என்பது 'நான்' என்பதோடு சேர்ந்தே பிறந்தது, அதற்கு முன் ஓசை இருந்தது என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

காட்பாடி உறுப்பினர்:

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்தபின் என் விழிப்பை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். "கண்ணைத் திறங்க" என்ற குரலுக்கும் அது எனக்குச் சொல்லப்படுகிறது என்ற அறிவுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மயக்க மருந்திலிருந்தோ மூர்ச்சையிலிருந்தோ மீண்ட மற்ற உறுப்பினர்கள், தத்துவத்தைக் கலக்காமல், எது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்ற வரிசையை மட்டும் முதலில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். சூத்திரம் சொல்லும் அந்தப் பாதி எது என்பதை அவற்றை வைத்துக்கொண்டு பேசலாம்.