சின்ன ட்ரெய்லருக்கு எந்த ஹிட்ச்? லொறி கடக்கேக்க ஆடுது

மார்க்கம்வாசி:
வணக்கம். எங்கட வாகனம் 2019 டொயோட்டா ஹைலாண்டர் வி6. 5,000 இறாத்தல் இழுக்கலாம். பாவிச்ச ட்ரெய்லர் ஒண்டு வாங்கினனாங்கள். வெறும் எடை 2,750, ஆகக்கூடின எடை 3,500. இப்ப ட்ரெய்லரைக் காரோட கொழுவிறது சாதாரண ஹிட்ச், 2 அங்குலப் பந்து. ட்ரெய்லர் பிரேக்கைக் காரில இருந்து இயக்கிற பிரேக் கொன்ட்ரோலர் பூட்டியாச்சு. ஆனா 401 நெடுஞ்சாலையில பெரிய லொறி கடந்தா ட்ரெய்லர் பக்கவாட்டில ஆடுது. கடைக்காரர் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சும் (பாரத்தை முன்சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிறது) ஸ்வே கொன்ட்ரோலும் (ஆட்டத்தைக் குறைக்கிறது) சேர்த்துப் போடச் சொல்லுறார். மச்சான் வேண்டாம் எண்டுறார். பிள்ளையளோட அல்கொன்குயின் பூங்காவுக்குப் போக இருக்கிறம், பயமா இருக்கு.

ஏரிக்கரை:
கொழுவின பிறகு காரின்ர பின்பக்கம் எவ்வளவு பதியுது தம்பி? ட்ரெய்லர்ல சாமான் எங்க வைக்கிறனீங்கள்?

மார்க்கம்வாசி:
பதியிறது தெரியவே இல்லை அண்ணா. சைக்கிள் நாலும் ட்ரெய்லரின்ர பின் பம்பர்ல. தண்ணித் தாங்கியும் பின்னுக்குத்தான், நிரப்பிக்கொண்டுதான் போறனாங்கள்.

ஏரிக்கரை:
அப்ப ஹிட்ச் வாங்க அவசரப்படாதேங்கோ. ஆடுது, ஆனா பதியேல்லை எண்டா முன்பாரம் காணாது. பந்தில அழுத்திற பாரம், சாமானோட சேர்ந்த ட்ரெய்லர் எடையில 10 தொடக்கம் 15 வீதம் இருக்கவேணும். பின் பம்பர்ல தொங்கிற ஒவ்வொரு இறாத்தலும் முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்வே கொன்ட்ரோல் பூட்டினா ஆட்டம் குறைஞ்ச மாதிரி இருக்கும், காரணம் அப்பிடியே கிடக்கும். அதுதான் எனக்குப் பயம்.

முதல்ல அளவுங்கோ. சமதரை, சில்லுக்குக் கட்டை, கொழுவிற அதே உயரம். உறுதியான பலகை ஒண்டின்ர ஒரு நுனி குளியலறைத் தராசில, மற்ற நுனி ஒரு குழாயில. ட்ரெய்லரின்ர முன் நுனி குழாயில இருந்து 1 அடி, தராசில இருந்து 2 அடி தள்ளி பலகையில நிக்கவேணும். தராசு காட்டுறதை மூண்டால பெருக்குங்கோ. பலகையின்ர பாரத்தை முதலே கழிச்சிடுங்கோ.

வடக்குப்பாதை:
ட்ரெய்லர் மட்டமா நிக்குதா எண்டும் பாருங்கோ. மூக்கு மேல நிமிர்ந்து நிண்டாலும் ஆடும். பந்து பூட்டிற தண்டை, அதாவது 'போல் மவுண்ட்'டை, இறக்கம் கூடினதா வாங்கினாச் சரி, விலை குறைவு.

மார்க்கம்வாசி:
அளந்தன். முழுச் சாமானோட ட்ரெய்லர் 3,150, முன்பாரம் 260தான். சைக்கிளைக் காருக்குள்ள ஏத்தி, தண்ணியை வெறுமையாக்கி, கனமான பெட்டியளை அச்சுக்கு முன்னால வைச்சன். இப்ப ட்ரெய்லர் 2,900, முன்பாரம் 370. 401-இல ஓடிப்பாத்தன், லொறி கடந்தும் நேரா வருது! ஆனா இப்ப பின்பக்கம் பதியுது. இனி அந்த ஹிட்ச் வேணுமோ?

ஏரிக்கரை:
நல்ல வேலை செய்திருக்கிறியள். இப்பதான் அந்தக் கேள்விக்கே இடம். கொழுவ முதலும் பிறகும் முன்சில்லுக்கு மேல மட்கார்ட் உயரத்தை அளவுங்கோ. நல்லா எழும்பியிருந்தா முன்சில்லில பாரம் குறைஞ்சிட்டுது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் இளகும். அதைத் திருப்பிக் குடுக்கத்தான் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன். அது இழுக்கிற அளவைக் கூட்டாது. கார்க் கையேடும் ரிசீவர் (காரின்ர பின்னுக்கு ஹிட்ச் செருகிற சட்டம்) ஸ்டிக்கரும் அனுமதிச்சா மட்டும் போடுங்கோ, உங்கட முன்பாரத்துக்குப் பொருந்திற மெல்லிய ஸ்பிரிங் பாரோட (பாரத்தை முன்னுக்குத் தள்ளுற கம்பி). 1,000 இறாத்தல் பார் இந்த ட்ரெய்லருக்குக் கடுமை.

ஓட்டுநர் கதவடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆக்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எண்டு. முன்பாரம், ஹிட்ச், நீங்கள் இப்ப உள்ள ஏத்தின சைக்கிள் எல்லாம் அதுக்குள்ள அடங்கவேணும்.

வடக்குப்பாதை:
ஒன்ராறியோவில ட்ரெய்லர் மொத்த எடை 1,360 கிலோ வந்தா அதுக்குப் பிரேக் கட்டாயம். பிரேக் இருக்கு எண்டு விடாமல், கழண்டா தானாப் பிடிக்கிற கம்பியையும் இழுத்துச் சோதியுங்கோ.