கிராம சபையில் எழுந்து பேசிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

தொடங்கியவர் – தஞ்சாவூர் மாவட்டம்

டீக்கடையில் அரசியல் பேசாத ஆள் நம் பக்கம் கிடையாது. மேகதாது, நீட், பெட்ரோல் விலை, அடுத்த முதல்வர் யார் என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு கருத்து இருக்கும். அது நல்லதுதான், பேசட்டும். ஆனால் அதே ஆட்கள், நம் பேச்சைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டமே சொல்லும் ஒரு கூட்டம் நடக்கும்போது அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையைத்தான் சொல்கிறேன். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்துகொண்டன. அங்கே போய்ப் பேசியவர்கள் என்ன நடந்ததென்று இங்கே எழுதினால் புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும். முதலில் நான் எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் 15. பள்ளிக்கூட வளாகத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு நோட்டு சுற்றி வந்தது, ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊராட்சி மூவாயிரம் பேருக்குள் அடங்குவது, அதனால் நூறு பேர் இருந்தால்தான் சபை செல்லும். கையெழுத்துக்கு அவ்வளவு அவசரம் காட்டியது அதற்காகத்தான். போட்டதும் பலர் எழுந்து போய்விட்டார்கள்.

ஊராட்சி செயலர் வரவு செலவுக் கணக்கை ஒரே மூச்சில் வாசித்தார். எந்தத் தெருவில் என்ன வேலை என்று காதில் விழுவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டார். மேல்நிலைத் தொட்டி பராமரிப்பு என்று ஒரு தொகை வந்தபோது எழுந்தேன். எங்கள் தெரு டேங்க்கில் கடைசியாகக் கழுவிய தேதி என்று பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். மாதம் மட்டும் லேசாகத் தெரியும், வருஷம் உரிந்தே போயிருந்தது. அதைச் சொல்லி, எப்போது கழுவினீர்கள், யார் கழுவினார்கள், எவ்வளவு செலவு என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி, உக்காருங்க" என்றார் தலைவர்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆயா, "எதுக்கு உக்காரணும்? புள்ள தண்ணியப் பத்தித்தானே கேக்குது. நேத்து எங்க வூட்டுக் கொடத்துல புழு வந்துச்சு, அதையும் எழுதிக்க" என்றது. அடுத்த நிமிஷம் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எப்போது கலங்கலாக வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு டேங்க் ஆபரேட்டருக்கே தெரியாது. இத்தனை நாளும் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். செயலர் "குடிநீர் சீராக வழங்க நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினார். இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த வருஷமும் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். எந்த டேங்க், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று எழுதச் சொன்னோம். கூட்டத்தைக் கவனிக்க அரசு தரப்பில் வந்திருந்த அலுவலர் (பற்றாளர் என்பார்கள்) நேர்மையான மனிதர், "மக்கள் சொல்றபடி எழுதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். எழுதினார்கள். அந்த மாதமே டேங்க் கழுவப்பட்டது, புதுப் பெயின்ட்டில் தேதியும் ஏறியது.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

அண்ணா, அந்த ஆயா பேசியதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊராட்சித் தலைவர் பெண். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டமானது, அதனால் வந்த வாய்ப்பு. ஆனால் சபை நடக்கும்போது நடு நாற்காலியில் அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். தலைவி ஓரமாக, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் காலனிக்கு மயானப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதைக் கேட்க எழுந்தேன். வீட்டுக்காரர் பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் அவரைப் பார்க்காமல் தலைவியைப் பார்த்தே, "அக்கா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் நாங்க ஓட்டுப் போட்டோம்" என்றேன். சபையே அமைதியாகிவிட்டது. அவர் ஒரு தடவை கணவரைப் பார்த்தார், பிறகு மைக்கை வாங்கினார். "அந்தப் பாதையில பட்டா நிலம் கொஞ்சம் வருது. தாசில்தாருக்கு எழுதி அளக்கச் சொல்றேன்" என்றார். விஷயம் முழுக்க அவருக்குத் தெரிந்திருந்தது! பேச விடாமல் வைத்திருந்தார்கள், அதுதான்.

பாதை இன்னும் முழுசாக வரவில்லை. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். ஆனால் அதற்கு அடுத்த சபையிலிருந்து அந்த அக்காதான் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ஒரு சேலம்காரர்

நான் பேசினேன். பஸ் நிழற்குடை கேட்டேன். தீர்மானம் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சபையிலும் கேட்டேன், மறுபடியும் தீர்மானம் போட்டார்கள். இதில் என்ன பிரயோஜனம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேலூர் பக்கத்திலிருந்து

சேலம் அண்ணனுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது. எங்கள் பகுதியில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 7ஆம் தேதி மத்திய அரசின் கனிம ஏல முடிவு வெளியானது. டங்ஸ்டன் என்ற உலோகத்துக்காகச் சுரங்கம் தோண்ட நாயக்கர்பட்டி வட்டாரம், சுமார் 2,015 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2022இல் தமிழக அரசே பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த ஊர் அது. மலையில் சமணர் படுகையும் தமிழி எழுத்தும் உண்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் உண்டு. அடிவாரத்தில் கண்மாயும் வயலும். எங்கள் நிலத்தை டெல்லியில் ஏலம் விட்டாகிவிட்டது, எங்களுக்குச் செய்தியில் பார்த்துத்தான் தெரியும்.

அந்த வருஷம் நவம்பர் 1 சபை 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது. அரிட்டாபட்டியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் அன்றைக்குச் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். நான் போன சபையில் வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்கூட ஒருவரும் நகரவில்லை. எங்கள் பெரியப்பா வாழ்நாளில் மைக் பிடித்ததே கிடையாது. "இந்தக் கம்மாயி என் பாட்டன் தூர்வாருனது, நாளைக்கு என் பேரன் தூர்வாரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதைவிட விளக்கமாக எந்த வக்கீலும் சொல்லியிருக்க முடியாது.

தீர்மானம் மட்டுமே சுரங்கத்தை நிறுத்திவிட்டது என்று சொன்னால் அது உண்மையில்லை. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தார்கள், கடைகள் அடைக்கப்பட்டன. 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இவ்வளவும் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் "மக்கள் சம்மதிக்கவில்லை" என்று யார் எங்கே பேசினாலும் முதலில் எடுத்து நீட்டியது அந்தச் சபைத் தீர்மானங்களைத்தான். ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு அரசு முத்திரையோடு ஒரு காகிதம் இருந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கரூர் மாவட்டம்

கிராம சபை போலவே இன்னோர் இடமும் இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய குவாரி, ஆலை என்று வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்பே பத்திரிகையில் விளம்பரம் வரும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அதிகாரி ஒருவரோ தலைமை வகிப்பார். இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு இதற்குக் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். ஆகவே "நாம் போகாவிட்டால் நடக்காது" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கல் குவாரிக்கு அப்படிக் கூட்டம் நடந்தது. குவாரியால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்ற அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம், தமிழில் சுருக்கம் மட்டும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கி வந்து, கிணறு வைத்திருக்கும் விவசாயிகள் நாலு பேரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். அருகில் குடியிருப்பு இல்லை என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. என் பழைய மாணவன் வீடு அங்கேதான் இருக்கிறது, வாசலில் நின்றால் குவாரி தெரியும்.

கூட்டத்தில் அவன் மின் கட்டண அட்டையையும் வீட்டு வரி ரசீதையும் கையில் பிடித்துக்கொண்டு போய், "ஐயா, நான் குடியிருக்கிறேன்" என்றான். கோஷம் போட்டவர்களும் இருந்தார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் ஆட்சியர் தரப்பு குனிந்து எழுதிக்கொண்டது இவன் பேசும்போதுதான். கூட்ட முடிவில் பதிவான கருத்துகளை மக்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசிக்காமல் மேடையை விட்டு இறங்கப் பார்த்தார்கள். கேட்டு வாசிக்க வைத்தோம். மாணவன் சொன்னது அதில் விடுபட்டிருந்தது, அங்கேயே சேர்க்கச் செய்தோம். பேசியதை எழுத்தாகவும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இதை என்னிடம் கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

தொடங்கியவர் – தஞ்சாவூர் மாவட்டம்

சேலம் அண்ணே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்களுக்கும் ஒரு தீர்மானம் அப்படித்தான் கிடந்தது, வடிகால் வாய்க்கால் பற்றியது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். வெள்ளைத் தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, அவ்வளவுதான் செலவு. தீர்மானத்தின் நகல், அதன்மேல் எடுத்த நடவடிக்கை, வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் என்று மூன்றே விஷயம் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதிலைப் பார்த்தால், தீர்மானம் ஊராட்சி அலுவலகத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

அந்தப் பதிலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுத்தேன். வாய்க்கால் வேண்டும் என்று மட்டும் மனு கொடுத்திருந்தால் ஆயிரத்தில் ஒன்றாகப் போயிருக்கும். சபை போட்ட தீர்மானத்தை மேலே அனுப்பவில்லை என்று ஆதாரத்தோடு கேட்டதும், வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வந்து அளந்துகொண்டு போனார். வேலை பாதி முடிந்திருக்கிறது. உங்கள் நிழற்குடைத் தீர்மானம் எங்கே நிற்கிறது என்று முதலில் நகல் கேட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலைத் துறை இடமாக இருந்தால் ஊராட்சி தன்னிச்சையாகக் கட்ட முடியாது, அந்தத் துறைக்கு எழுதினார்களா என்றும் கேளுங்கள்.

ஒரு சேலம்காரர்

இது எனக்குத் தெரியாது, நன்றி. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதுதான். ஆனால் 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் ஜெயித்து வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, எங்கள் ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் கையில் போனது. தலைவர் இல்லாதபோது யாரிடம் போய்க் கேட்பது?

தொடங்கியவர் – தஞ்சாவூர் மாவட்டம்

தனி அலுவலர் இருந்தாலும் சபை நடக்கும். 18 வயதாகி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்தான். தலைவர் பதவி காலியானாலும் நம் உறுப்பினர் உரிமை காலியாகாது. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத காலத்தில்தான் இன்னும் அதிகமாகப் போய் உட்கார வேண்டும் என்பேன், ஏனென்றால் அந்தச் சபையைத் தவிர ஊருக்கு வேறு வாய் கிடையாது. தகவல் உரிமை மனுவைப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், பெயர் தேவையில்லை, பதவி போதும். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், நெடுஞ்சாலைத் துறைக்கு எழுத வேண்டிய மனுவைச் சேர்ந்தே எழுதுவோம்.