இன்ஸ்டாலர் பயனரிடம் கேள்வி கேட்கலாமா, கூடாதா?

கருந்திரை:
லினக்ஸ் சர்வரில் ஓடும் ஒரு மென்பொருளுக்கு ஷெல் ஸ்கிரிப்டில் இன்ஸ்டாலர் எழுதுகிறேன். டேட்டாபேஸ் எந்தக் கணினியில் இருக்கிறது, எந்த போர்ட், டொமைன் பெயர், அட்மின் பாஸ்வேர்ட் ஆகிய நான்கும் தெரிந்தாக வேண்டும். விப்டெயில் (டெர்மினலில் கேள்விப் பெட்டி காட்டும் நிரல்) பெட்டிகள் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்கலாம் என்றிருக்கிறேன். உடன் வேலை செய்பவரோ கேள்வியே வேண்டாம், எல்லாம் கட்டளையோடு ஆப்ஷனாக வரட்டும் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இரவுநேர அட்மின்:
அவர் சொல்வதுதான் சரி. இன்று பெரும்பாலான சர்வர்களில் இன்ஸ்டால் செய்வது மனிதர் இல்லை, ஆன்சிபிள், டாக்கர் போன்ற தானியங்கிக் கருவிகள்தான். அங்கே பதில் சொல்ல யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. டாக்கர் பில்டின் நடுவில் டிஇசட்டேட்டா பேக்கேஜ், எந்தப் பகுதியின் நேரம் வேண்டும் என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுபோவது ஊரறிந்த தொல்லை. பிழை வந்தால் லாகில் தெரியும். பதிலுக்குக் காத்திருக்கிறது என்பது டைம்அவுட் ஆகும்வரை தெரியாது. ரெட்ஹேட் வகை லினக்ஸின் ஆர்பிஎம் பேக்கேஜ்களில் இதற்கு இடமே இல்லை: நிறுவும்போது எதையும் கேட்கக் கூடாது, கான்ஃபிக் (அமைப்புகள்) எல்லாம் அப்புறம்.

முதல்முறை பயனர்:
நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்காமல் நிறுவிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? சர்வீஸ் கிளம்பாது, எந்த ஃபைலில் எந்த வரியை மாற்றுவது என்று பயனர் ஆவணத்தைத் தோண்ட வேண்டும். போர்ட்டுக்கு ஒரு வழக்கமான மதிப்பை வைத்துக்கொள்ளலாம், டொமைன் பெயரை எப்படி ஊகிப்பீர்கள்? கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கொடுத்த முகவரியில் டேட்டாபேஸ் பதில் தருகிறதா என்று அந்த இடத்திலேயே பார்த்து, இல்லையென்றால் திரும்பக் கேட்கலாம்.

டெபியன் லினக்ஸில் பேக்கேஜ்களின் கேள்விகளைக் கையாளும் டெப்கான்ஃப் இதை அழகாகச் செய்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் லோ, மீடியம், ஹை, கிரிட்டிகல் என்று முக்கியத்துவம் உண்டு. இயல்பாக ஹை, கிரிட்டிகல் மட்டுமே திரைக்கு வரும். பேக்கேஜைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டுவிட முடியும். முன்கூட்டியே பதில்களை ஏற்றிவைத்தால் கேள்வியே வராது. மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே ஏற்பாடு.

இரவுநேர அட்மின்:
டெப்கான்ஃப் நல்ல வடிவமைப்பு, மறுக்கவில்லை. நடைமுறையைப் பாருங்கள். அதன் ஃப்ரண்ட்எண்டை நான்இன்டராக்டிவ் (எதையும் கேட்காதே) என்று வைத்த பிறகும், கையால் திருத்திய கான்ஃபிக் ஃபைலை வைத்துக்கொள்ளவா மாற்றவா என்று பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி கேட்கும். அது டெப்கான்ஃபின் வழியாக வருவதில்லை, அதற்கு ஃபோர்ஸ் ஆப்ஷன்கள் தனி. உபுண்டு 22.04-இல் எந்தெந்த சர்வீஸை மறுபடி தொடங்குவது என்று நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி வேறு கேட்கிறது, அதை நிறுத்த இன்னொரு சூழல் மாறி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்விதானே என்று நினைத்து வைத்தவைதான் இவையெல்லாம்.

குழாய்வழி:
இரண்டு பேரும் விட்ட ஒன்று. ஸ்கிரிப்டை கர்ல் கட்டளையால் இணையத்திலிருந்து இறக்கி நேராக பாஷ் ஷெல்லுக்குள் பைப் செய்யும் (உள்ளீடாக அனுப்பும்) பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்போது ஸ்டாண்டர்ட் இன்புட் (நிரல் உள்ளீட்டைப் படிக்கும் வழி) என்பதே அந்த ஸ்கிரிப்ட்தான். ரீட் கட்டளை போட்டால் அது பயனரின் பதிலை வாங்காது, ஸ்கிரிப்டின் அடுத்த வரியை விழுங்கிவிடும். கேட்பதானால் பயனரின் டெர்மினலைக் குறிக்கும் /டெவ்/டிடிஒய் வழியாக வாங்குங்கள். விப்டெயிலில் தேர்ந்த பதில் ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகள் போகும் வழியில்) வரும், திசை மாற்றித்தான் பிடிக்க வேண்டும். ரத்து செய்தால் 1, எஸ்கேப் அழுத்தினால் 255 என்று வெளியேறும் எண் திரும்பும். இதைக் கவனிக்காவிட்டால் காலியான டொமைன் பெயரோடு நிறுவல் தொடரும்.

எல்லாவற்றையும் ஆப்ஷனாகக் கொடுக்கச் சொல்பவர்களுக்கு: பாஸ்வேர்டைக் கட்டளையில் எழுதினால், கட்டளை ஓடும் வரை அதே கணினியில் இருக்கும் வேறு பயனர்களும், ஓடும் கட்டளைகளைக் காட்டும் பிஎஸ் போட்டுப் பார்த்துவிடலாம். ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும்.

முதல்முறை பயனர்:
இதைத்தான் சொல்ல வந்தேன். பாஸ்வேர்டுக்காவது கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

இரவுநேர அட்மின்:
கட்டளையில் பாஸ்வேர்ட் கூடாது, ஏற்கிறேன். அதற்காகத் திரையில் கேட்க வேண்டும் என்றாகிவிடாது. உரிமையாளர் மட்டும் படித்து எழுதக்கூடிய 600 அனுமதியோடு ஒரு ஃபைலில் வைத்து, அந்த ஃபைலின் பாதையை ஆப்ஷனாகக் கொடுக்கலாம்.

முதல்முறை பயனர்:
சரி, இரண்டையும் வையுங்கள். ஸ்டாண்டர்ட் இன்புட் டெர்மினலா என்று ஷெல்லிலேயே சோதிக்க முடியும். டெர்மினல் என்றால் விடுபட்டதை மட்டும் கேளுங்கள்.

இரவுநேர அட்மின்:
அந்தச் சோதனையை நான் நம்ப மாட்டேன். சில சிஐ (மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும்) அமைப்புகள் ஆளே இல்லாமல் போலி டெர்மினல் ஒன்றைத் திறந்துவைக்கும். ஸ்கிரிப்ட் மனிதர் இருப்பதாக நினைத்து காத்துக்கொண்டே கிடக்கும். கேட்காதே என்று சொல்ல வெளிப்படையாக ஓர் ஆப்ஷன் இருந்தே ஆக வேண்டும். அதைக் கொடுத்தபின் ஏதாவது குறைந்தால், குறைவது எவை என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் வெளியேறட்டும். ஒன்றைச் சொல்லி, அதைத் திருத்தி ஓட்டியதும் அடுத்ததைச் சொல்வது கொடுமை.

குழாய்வழி:
ஒரு சேர்க்கை. தட்டுவதைத் திரையில் காட்டாமல் வாங்கும் ரீட் கட்டளையின் எஸ் ஆப்ஷன் பாஷில் உண்டு, டெபியனின் இயல்பான எஸ்ஹெச் ஷெல்லான டாஷில் கிடையாது. அங்கே எஸ்டிடிஒய் கட்டளை கொண்டு எக்கோவை (தட்டுவது திரையில் தெரிவதை) நிறுத்த வேண்டும். கன்ட்ரோல் சி அழுத்தினால் எக்கோ திரும்ப வர ட்ராப் (குறுக்கீடு வந்தால் ஓட வேண்டிய கட்டளை) ஒன்றும் வையுங்கள்.

கருந்திரை:
கேட்காத ஆப்ஷனையும் பாஸ்வேர்ட் ஃபைலையும் முதலில் எழுதுகிறேன். விப்டெயில் பெட்டிகளை அதன்மேல் வைக்கிறேன், நீக்கப்போவதில்லை. டொமைன் பெயரை ஊகிக்க எனக்கும் வழி தெரியவில்லை.

இரவுநேர அட்மின்:
பெட்டிகளை இன்ஸ்டாலரிலேயே வைக்க வேண்டுமா? கான்ஃபிக் ஃபைலை உருவாக்கித் தரும் தனிக் கட்டளையாக ஆக்குங்கள். இன்ஸ்டாலர் அந்த ஃபைலை மட்டும் படித்தால் போதும்.

முதல்முறை பயனர்:
புதியவருக்கு ஒன்றுக்கு இரண்டு கட்டளை ஆகிறதே. ஃபைல் இல்லையென்றால் இன்ஸ்டாலரே அந்தத் தனிக் கட்டளையைக் கூப்பிடட்டும்.